தோளில் கை போட்ட பாட்டு

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் கீபோர்டை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த மளிகைக்கடை பாயிடம் சொன்னார்: "எங்கண்ணன் எங்கூடப் பேசி ஆறு மாசமாச்சுங்க பாய். நேத்து நாளெல்லாம் என் தோள்ல கை போட்டுட்டு நின்னாருங்க."

"அதெப்படி தம்பி?"

"நாங்க சேந்து போடற பாட்டு ஆல்பத்துக்கு சேர்வராயன் கோயில் மேட்டுல வீடியோ எடுத்தாங்க. அண்ணன், நானு, தங்கச்சி மூணு பேரும் தோள்ல கை போட்டுட்டுப் பாடணும்."

"சண்டை எதுக்கு?"

"அவரு பாட்டை மொதல்ல வெச்சுட்டு என் பாட்டைக் கடைசில தள்ளிட்டாருங்க."

பாய் சிரித்தார். "என் கடையில சோப்புகூடக் கடைசித் தட்டுலதான் இருக்குது. அது கோவிச்சுக்கிட்டா போயிருச்சு?"

"பேசணும்னுதானுங்க இருக்குது. மொதல்ல யாரு பேசறதுன்னுதான்."

கேட்பது தெரியக் கூடாதென்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆறு தடவ எடுத்தாங்க பாய். ஆறு தடவையும் அண்ணன் வாயசைப்புல தப்பு உட்டாரு. கேமராக்காரரு மறுபடியும்னாரு. அண்ணன் மறுபடியும் கை போட்டாரு."

"வரி மறந்திருக்கும்."

"அவரே எழுதுன பாட்டுங்க. தூக்கத்துலகூடத் தப்பாது."

பஸ் வளைவில் திரும்பியது. கீபோர்டை இருவருமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப ஏழாவது தடவ சரியாப் பாடிட்டாரா?" என்றார் பாய்.

"அவரு சரியாத்தான் பாடுனாருங்க. ஏழாவது தடவ நான் தப்பு உட்டேன்."