மாதிரிக் கோர்ட்டுத் தீர்ப்பு

மாதிரி என்று பேர் வைத்தாலே அது உசத்தியான சங்கதிதானுங்க ஐயா. எங்க பக்கம் மாதிரிப் பள்ளிக்கூடம் என்றால் மற்றதைவிட நல்ல பள்ளிக்கூடம். மாதிரிப் பண்ணை என்றால் அங்கே விளைவதைப் பார்த்துத்தான் மற்றவன் பயிர் வைக்கணும். எழுபத்தொன்பதில் முதியோர் பள்ளி வந்தபோது, நாற்பது தாண்டி எழுத்துக் கற்றவன் நான். அரியலூர்க் கல்யாண மண்டபத்து வாசலில் 'மாதிரி நீதிமன்றம்' என்று துணியில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் நானே படித்தேன்.

என் மகள் மலர்க்கொடி திருச்சியில் வக்கீலுக்குப் படிக்கிறது. அன்றைக்கு அங்கே அதுதான் வாதாடியது. மனுஷன் உயிரை எடுக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டா, தூக்குத் தண்டனை அரசியல் சட்டத்துக்கு ஒத்து வருமா என்பது வழக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் உட்காரும் மேடையில் கறுப்பு அங்கி போட்ட மூணு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், தூக்கு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மகளுக்கு ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். ஜெயித்த வக்கீலுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனேன். மேஸ்திரி சிங்காரவேலு கெட்டவர் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றபோது கேட்காமலே லீவு கொடுத்தவர். என்னைக் 'கைநாட்டு' என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். எனக்குக் கையெழுத்து வந்த பிறகும் சம்பளத்தன்று பேனாவைத் தரமாட்டார். கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அன்றைக்கு அவர் குழி ஓரத்தில் நின்று, கீழே இருந்த லாரிக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "தூக்கை எடுத்துட்டாங்க மேஸ்திரி. நேத்து தீர்ப்பாயிருச்சு" என்றேன்.

"ஏண்டா கைநாட்டு, உனக்கு எதுக்குடா சட்டமெல்லாம்?" என்றார், திரும்பாமலே.

முதுகில் கை வைத்துத் தள்ளினேன். ஆழமான குழி. கீழே லாரிக்காரன் ரொம்ப நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் கை கால் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஜெயிலுக்கு மகள் வந்தது. "அது போட்டிப்பா, நெசக் கோர்ட்டு இல்ல. சீட்டு எடுத்ததுல எனக்கு அந்தப் பக்கம் வந்துச்சு. மாத்தி வந்திருந்தா, தூக்கு இருக்கணும்னு பேசியும் ஜெயிச்சிருப்பேன்" என்றது. அழுது அழுது, என்ன பேசுகிறோம் என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்த மூணு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க ஐயா. சொன்ன தீர்ப்பைச் சொல்லவில்லை என்பார்களா?

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கீழே நானே கையெழுத்துப் போடுகிறேன், பேனா மட்டும் கொடுங்க. ஐயா கேட்டதில் ஒன்றுதான் பாக்கி. தூக்கு உண்டு என்று தெரிந்திருந்தால் செய்திருப்பாயா என்றீர்கள். செய்திருக்க மாட்டேனுங்க. அவர் மேல் எனக்கு அந்த அளவுக்குக் கோபம் கிடையாது.