டெல்பர்ட்டுக்கு ஏற்ற துப்பாக்கி

மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தேவைக்கு மேல் பெரியதைத்தான் கேட்பார்கள். கரடியையே சாய்க்கிற மாதிரி கொடு என்பார்கள். கடைசியாகக் கரடியை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் துப்பாக்கியின் விலையைக் கேட்பார்கள். இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர் இரும்புக் கடையில் துப்பாக்கிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பொருந்தாத துப்பாக்கியை ஒருவருக்கும் நான் விற்றதில்லை.

நீங்கள் டெல்பர்ட்டின் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள், பெரோ மேடம். அதைத் தேர்ந்தெடுத்தது நான். வாங்கிக் கொடுத்ததும் நான். அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் போலீஸ் டேப் ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. காப்பி நன்றாக இருக்கிறது.

டெல்பர்ட் காங்காஸும் நானும் முப்பத்தொரு நவம்பர் சேர்ந்து வேட்டைக்குப் போனவர்கள். அவன் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அவனுக்கு ஜாய்ஸ் என்று மனைவி, மார்லிஸ் என்று ஒரு மகள். எனக்கு யாரும் இல்லை. வியாழக்கிழமை சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். ஜாய்ஸ் பேஸ்டி சுடுவாள், இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்தது. என் பங்கின் மேல்மாவில் மட்டும் ரெய்னோ என்ற என் பெயருக்கு 'ரெ' என்று கத்தியால் கீறி வைப்பாள், எனக்கு வெங்காயம் ஆகாது என்பதற்காக. மார்லிஸ் கல்யாணமாகி அரிசோனாவில் டூசான் நகரத்துக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் ஜாய்ஸ் இறந்துபோனாள். அப்போதும் வியாழக்கிழமை நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் டின் சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

போன வருஷம் கடையில் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதன் பிறகு வியாழக்கிழமை தவிர மற்ற நாள்களில் நான் பேசியது ரேடியோவோடுதான். ஏரிப் பக்கமிருந்து பனி வருகிறது என்று வானிலை வாசிக்கும் பெண் சொல்வாள், சரி என்பேன். பரிதாபப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. விவரம் முழுதாக இருக்கட்டும் என்றுதான்.

ஜூலையில் டெல்பர்ட்டுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் நடந்தது. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை சொன்னான்.

"இந்த வருஷம் நான் வரலடா ரெய்னோ. அப்பாவோட அந்தப் பழைய துப்பாக்கி ஒரு உதை உதைச்சா போதும், டாக்டர் முடுக்கின ஆணியெல்லாம் முதுகுப் பக்கமா வந்து விழும்."

"துப்பாக்கிய மாத்திக்கலாம். வேட்டைய ஏன் விடணும்?"

"உன் கடைப் பேச்ச எங்கிட்ட காட்டாத. விக்கிறவன் அப்படித்தான் பேசுவான்."

"உனக்கு விக்கப் போறதில்ல. வாங்கித் தரப் போறேன்."

அவன் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்படின்னா யோசிக்கலாம்" என்றான்.

அவன் அப்பாவின் துப்பாக்கி தர்ட்டி-ஆட்-சிக்ஸ், பெரிய தோட்டா போடுகிற ரகம். குறிபார்க்கிற ஸ்கோப்போடு சேர்த்து ஒன்பது பவுண்டு. எழுபத்தொரு வயதுக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு சதுப்புக் காட்டில் நடக்க முடியாது. ஐந்தரைப் பவுண்டில் துப்பாக்கி கிடைக்கிறது. ஆனால் ஜனங்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். துப்பாக்கியின் எடை குறைந்தால், சுடும்போது தோளில் விழுகிற உதை கூடும். அதே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் தோளைப் பெயர்த்துவிடும். ஆகவே தோட்டாவையும் சிறிதாக்க வேண்டும். ரொம்பச் சிறிதாக்கினாலோ, குறி ஒரு கை அகலம் பிசகினால் மான் விழாது. காயத்தோடு சதுப்புக்குள் ஓடிப் போய் எங்கேயோ தனியாகக் கிடந்து சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கவுண்டரில் நிற்பவனின் வேலை.

மூன்று வாரம் அதற்காகச் செலவிட்டேன். தினமும் அவனுக்குப் போன் செய்ய ஒரு காரணம் கிடைத்தது. கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு திரும்பும், தோளில் எந்த இடத்தில் வலி. "கல்யாணக் கோட்டு தைக்கப் போறியா?" என்று கேட்டான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் போனை எடுத்தான். கடைசியில் செவன் எம்.எம். தோட்டா போடுகிற ஒரு லேசான துப்பாக்கியை ஆர்டர் செய்தேன். மானை நின்ற இடத்திலேயே விழச் செய்யும், தோளையும் கெடுக்காது. இப்போது கேட்டாலும் அவனுக்கு அதுதான் ஏற்றது என்பேன்.

செப்டம்பரில் அவன் இன்னொன்று சொன்னான். வீட்டை விற்கப் போகிறானாம். டிசம்பரில் டூசானுக்குக் குடிபோகிறானாம்.

"மார்லிஸ் பின்பக்கமா ஒரு ரூம் கட்டியிருக்கா. தனிக் குளியலறை. பேரப் பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு வீட்டுல ஒரு ஆள் வேணும்ங்கறா. இந்த நவம்பர்தான் நமக்குக் கடைசின்னு வச்சுக்கடா."

"அங்க மான் உண்டா?"

"முள்ளுச்செடி உண்டு. நீயும் வந்து பாரேன், ஒரு வாரம் தங்கிட்டுப் போ."

நல்லது என்றேன். சூப் ஆறியிருந்தது. எழுந்து போய் மறுபடியும் சூடாக்கினேன். அவன் டூசானில் குளிர்காலத்திலும் சட்டையோடு திரியலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் என்றானே, அதை அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை.

மறுநாள் காலை கடைக்குப் போன் செய்து ஆர்டரை மாற்றினேன். துப்பாக்கி அதேதான். தோட்டாவின் அளவு மட்டும் டூ ஃபார்ட்டி த்ரீ. செவன் எம்.எம்.மைவிடச் சிறியது. கவுண்டரில் இப்போது இருக்கும் வேன்ஸ் கேட்டான், "என்னண்ணே, திடீர்னு?" தோள்பட்டைக்கு என்றேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். போன மாதம் உங்களிடமும் அதையே சொன்னேன்.

அக்டோபரில் மணல் குழிக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தோம். டெல்பர்ட் துப்பாக்கியை ஒரு கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். மூன்று முறை சுட்டுவிட்டுத் தோளைத் தடவினான்.

"ஜாய்ஸ் தும்மினா இதவிட அதிகமா அதிரும்டா" என்றான். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நவம்பர் பதினைந்து, வேட்டை தொடங்கும் நாள். காட்டுக்குள் எங்கள் வேட்டைக் கேபினில் காலையில் அவன் துப்பாக்கிக்குத் தோட்டா போட்டது நான். குளிரில் அவனுக்கு விரல் மடங்காது, பல வருஷமாக நான்தான் போடுவேன். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் துப்பாக்கியில் மிச்சம் இருந்த மூன்றும் மானுக்குப் போடுகிற குண்டு இல்லை என்று உங்கள் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. சரிதான். மானுக்கான குண்டு உடம்புக்குள் போனதும் விரியும், பெரிய காயம் உண்டாக்கும். நான் போட்டது விரியாத குண்டு, காகிதக் குறியைச் சுடுவதற்கானது. ஊசி மாதிரி உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். கை தவறிப் போட்டுவிட்டீர்களா என்று நேற்று கேட்டீர்கள். மரியாதைக்காகக் கேட்டீர்கள் என்று புரிந்தது.

கெண்டைக்கால் என்று முடிவு செய்திருந்தேன். எலும்புக்கு வெளியே, சதையில், ஒரு சின்னத் துளை. தர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்றால் காலே போயிருக்கும். செவன் எம்.எம். கூட அதிகம்தான். அவனுக்கு அப்படி ஒரு கெடுதலை நான் செய்ய மாட்டேன். ஒரு குளிர்காலம் நடக்க முடியாமல் இருந்தால் போதும். அவன் வீட்டு வாசலில் ஏழு படி, என் வீட்டு வாசலில் படி கிடையாது. ஆகவே என்னோடுதான் இருந்தாக வேண்டும். கீழ் அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருந்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பொருத்தியிருந்தேன். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்காகப் பொருத்தியது என்று நினைத்திருப்பீர்கள்.

ஒன்பது மணி இருக்கும். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. தாண்டும்போது ஒருவர் துப்பாக்கியை மற்றவர் வாங்கிக்கொள்வது எங்கள் பழக்கம். டெல்பர்ட் துப்பாக்கியை நீட்டினான். விசை நகராதபடி சேஃப்டி போட்டுத்தான் கொடுத்தான். அவன் எப்போதும் போடுவான். ஒரு காலைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். நான் சேஃப்டியைத் தள்ளினேன், இந்தப் பக்கம் இருந்த காலைப் பார்த்துச் சுட்டேன். அந்த நேரம் பார்த்து மரப்பட்டையில் இருந்த பனி வழுக்கி அவன் கீழே சரிந்தான். கெண்டைக்கால் இருந்த இடத்துக்குத் தொடை வந்துவிட்டது.

என் குறி பிசகவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் கத்தவில்லை. மரத்தில் சாய்ந்தபடியே உட்கார்ந்து காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சேஃப்டி போடாம குடுத்துட்டேனாடா?"

துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்தேன்.

"போட்டேன்னு நெனச்சேன். வயசாகிப் போச்சு. நல்ல வேளை, உன் மேல படல."

என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் கட்டினேன். எவ்வளவு இறுக்கமாக என்று கேட்பீர்கள். அவனுக்கு வலித்தது, கொஞ்சம் தளர்த்தினேன். அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது. மேட்டுக்கு ஏறினால் எடுக்கும், கால் மணி நேர நடை.

"மேட்டுக்குப் போய் போன் போட்டுட்டு வாடா" என்றான்.

போகிறேன் என்றேன். கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன், பனி ஈரம் படக்கூடாது என்று. ஃபிளாஸ்கில் இருந்த காப்பியை மூடியில் ஊற்றிக் குடிக்க வைத்தேன். அவன் பேச ஆரம்பித்தான். ஜாய்ஸை முதன்முதலாகப் பார்த்த நடனக் கூடத்தைப் பற்றிச் சொன்னான். அவள் இவனோடு ஆடுவதற்கு முன் என்னோடு ஆடினாள் என்றும், அது தனக்கு எப்போதும் தெரியும் என்றும் சொன்னான். எனக்கே அது மறந்திருந்தது. மேடம், அந்த மாதிரிப் பேச்சு எங்களுக்குள் பல வருஷமாக இல்லை. டின் சூப்பு, வானிலை, தோள்வலி என்றுதான் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் மறுபடியும் போ என்றான். இதோ என்றேன். மார்லிஸுக்கு ஐந்து வயதில் நான் செய்து கொடுத்த பனிச்சறுக்கு வண்டியைப் பற்றிக் கேட்டான், அது இன்னும் ஷெட்டில் கிடக்கிறதாம். கொஞ்சம் கழித்து அவனுக்குக் குழப்பம் வந்துவிட்டது.

"போன் போட்டியா?"

"போட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க."

"சீக்கிரம் வந்துட்டியே."

"ஓடினேன்."

"அறுபத்தெட்டு வயசுல ஓடினானாம்" என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தான். ஒன்றேகால் மணி நேரம் அப்படி இருந்தோம். பத்தேகாலுக்குப் பிறகு அவன் பேசவில்லை. அதற்கப்புறம்தான் மேட்டுக்கு ஏறினேன்.

அடக்கத்தன்று மார்லிஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா கடைசில தனியா இல்ல அங்கிள், நீங்க பக்கத்துல இருந்தீங்க, எனக்கு அது போதும்" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. நீங்கள் அந்தக் குண்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கவில்லை என்றால் நான் பேசியிருக்க மாட்டேன். ஆனால் வைத்த பிறகு, உங்களோடு பேசுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இந்த வாரம் யாரோடும் இவ்வளவு பேசவில்லை.

முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒன்றைத் திருத்த வேண்டும். என்னை விட்டுப் போகாதே என்று டெல்பர்ட் கேட்டுக்கொண்டதாகவும், அதனால்தான் உதவிக்குப் போக நேரமாயிற்று என்றும் எழுதியிருந்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. போ என்றுதான் சொன்னான். மூன்று தடவை சொன்னான், கடைசித் தடவை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

சட்டையைப் பிடித்துக்கொண்டு, மேடம். போக வேண்டும் என்று நினைக்கிறவன் அப்படிப் பிடித்துக்கொள்ள மாட்டான்.