பஞ்சுவுக்கு ஆறு பக்கம்

உங்கள் வீட்டுக்காரரிடம் என் புத்தகம் இருக்கிறது என்று சொன்னீர்கள், மேடம். சந்தோஷம். கொஞ்சம் கனமான புத்தகம். படுத்துக்கொண்டு படித்தால் கை நழுவி மூக்கில் விழும், சொல்லிவையுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் நாளைக்கு எடுத்து வாருங்கள், போட்டுத் தருகிறேன். நான் எங்கேயும் போகப் போவதில்லையே.

'புயல்சிறகன்' படங்கள் மூன்றுக்கும் 'உருவான கதை' எழுதியவன் நான்தான். வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் படம், கெட்டி அட்டை. வாங்குகிறவர்கள் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் புரட்டிவிட்டு அலமாரியில் செருகிவிடுவார்கள் என்று என் பதிப்பாளர் என் முகத்துக்கு நேராகவே சொல்வார். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு. ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் நான். ஒரு தேதி தவறாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

உள்ளதை உள்ளபடி எழுத முடியாது என்பது வேறு விஷயம். பறக்கும் புயல்சிறகனின் உடைக்கு ஜிப் முதுகில் இருக்கிறது. ஹீரோ பாத்ரூம் போக வேண்டுமென்றால் கூடவே இரண்டு பேர் போக வேண்டும். வயிற்றில் தெரியும் சிக்ஸ் பேக், அந்த ஆறு கட்டும் ரப்பர். உள்ளே இருப்பது ஒரே கட்டு. வானத்தில் படபடக்கிறதே சிறகு, அதன் நுனியை ஒருவர் தரையில் மல்லாந்து படுத்தபடி நூல் கட்டி ஆட்டுவார், பிறகு கணினியில் ஆளை அழித்துவிடுவார்கள். இதை அப்படியே எழுதினால் உங்கள் வீட்டுக்காரர் வாங்குவாரா? 'காற்றோடு ஒரு போராட்டம்' என்று தலைப்புக் கொடுத்து நான்கு பக்கம் எழுதினேன்.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு, அது புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரியும். படம் வெளியாகும் அன்றே புத்தகமும் கடையில் இருக்க வேண்டும். அச்சடிப்பது வெளிநாட்டில், வருவது கப்பலில். அதனால் படம் முடிவதற்கு வெகுநாள் முன்பே நான் எழுதி முடித்துவிட வேண்டும். நடக்கப்போவதை நடந்ததாக எழுத வேண்டும். இறுதிக் காட்சியைப் பார்த்து இயக்குநர் கண்கலங்கினார் என்று நான் எழுதிய சமயத்தில் இறுதிக் காட்சி என்னவென்றே அவருக்குத் தெரியாது.

ஆனால் பாருங்கள், எழுதியது நடந்தது. ஹீரோ மாதக்கணக்கில் வேகவைத்த காய் மட்டுமே சாப்பிட்டார் என்று முதல் புத்தகத்தில் எழுதினேன். அவர் கேரவனுக்குப் பின்னால் நின்று பொரித்த கோழியை ஒரு கை பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். புத்தகம் வந்த பிறகு பேட்டிக்குப் பேட்டி வேகவைத்த காயைப் பற்றிப் பேசினார். பேசிப் பேசி நிஜமாகவே சாப்பிட ஆரம்பித்துவிட்டார். உடையின் நிறம் இயக்குநரின் மகள் வரைந்த படத்திலிருந்து வந்தது என்று எழுதினேன். இன்றைக்கு இயக்குநர் மேடையில் அதைச் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறார். "உங்க வாய் முகூர்த்தம் அப்படி," என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

இரண்டாம் பாகத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது. முதலில் செய்த முகமூடி பிடிக்காமல் கலை இயக்குநர் அதை நெருப்பில் போட்டார் என்று எழுதியிருந்தேன். நல்ல வரி அது. அச்சான பிறகு தெரிந்தது, முகமூடி சாமான் அறையில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள். பிழைத்திருத்தம் என்று ஒரு துண்டுச்சீட்டு செருகிவிடலாம் என்றார் பதிப்பாளர். எனக்குத் துண்டுச்சீட்டு என்றாலே ஆகாது. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிடுவது மாதிரி ஓர் அவமானம் அது. முகமூடியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் வைத்துக் கொளுத்தினேன்.

"என்னங்க இந்த நாத்தம்? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார்," என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஒரு சின்னத் திருத்தம்மா. முடிஞ்சிடுச்சு."

இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை பிரதிகளில் ஒரு வரியை மாற்றுவதைவிட, உலகத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுவது எவ்வளவோ குறைந்த வேலை.

இப்போது பஞ்சுவைப் பற்றிச் சொல்கிறேன். ஹீரோவுக்குப் பதிலாக விழுகிறவரை டூப் என்பார்கள். மூன்று பாகங்களிலும் விழுந்தவர் அவர்தான். எங்கிருந்து விழுந்தாலும் சத்தமில்லாமல் விழுவார், அதனால் யூனிட்டில் எல்லோருக்கும் பஞ்சு. முகவாயை மார்போடு சேர்த்து, உடம்பைச் சுருட்டி, உருண்டு எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு "ஷாட் ஓகேவா?" என்று கேட்பார். நல்ல மனிதர். என் புத்தகங்களில் அவர் பெயர் ஓர் இடத்திலும் வரக் கூடாது என்பது ஒப்பந்தம். புயல்சிறகன் தானே பறந்தான், தானே விழுந்தான். பஞ்சுவின் முதுகு வந்த படங்களுக்குக் கீழே ஹீரோவின் பெயரை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

மூன்றாம் பாகத்தின் கடைசி நாள் படப்பிடிப்பில் அவரைத் தாங்கிய கம்பி நழுவியது. பஞ்சு கட்டடத்தின் மேலிருந்து மெத்தை விரிப்பு இல்லாத பக்கமாக விழுந்தார். மறுநாள் காலையில் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். மத்தியானம் தயாரிப்பு நிர்வாகி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"டாக்டர் கையை விரிச்சுட்டார் சார். பொழைக்க மாட்டாராம். ஹீரோ ஆபீஸ்லயும் பேசிட்டேன். செத்தவர்னா பேரு, போட்டோ எல்லாம் போட்டுக்கலாமாம். ஹீரோவே ரெண்டு வரி உருக்கமா சொல்றாராம்."

உட்கார்ந்து எழுதினேன். ஆறு பக்கம். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. இத்தனை வருடமும் முதுகை மட்டுமே காட்டிய மனிதரின் முகம் ஒரு முழுப்பக்கத்துக்கு. கண்ணைத் திறந்து "ஷாட் ஓகேவா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார் என்று முடித்தேன். எழுதும்போது அழுதேன், மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு பிழைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்தான். ஆனால் புத்தகங்கள் கப்பலில் வந்து குடோனில் இறங்கிவிட்டன. ஹீரோவின் ஆபீஸிலிருந்து உடனே தகவல் வந்தது: உயிரோடு இருக்கிறவரைப் புத்தகத்தில் போட முடியாது. பதிப்பாளர் வழி கண்டுபிடித்தார். குடோனுக்கு ஆட்கள் வருவார்கள், கத்தியால் அந்த ஆறு பக்கத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள், அந்த இடத்தில் ஹீரோ தொப்பி போட்டுக்கொண்டு நாய்க்குட்டியைக் கொஞ்சும் படங்களை ஒட்டுவார்கள். நாய்க்குட்டி! மன்னிக்கவும், குரல் சற்று உயர்ந்துவிட்டது.

பஞ்சு வீடு திரும்பியதிலிருந்து நான் அடிக்கடி போனேன். பழம் வாங்கிப் போவேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவர் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். "யூனிட்லேந்து யாரும் எட்டிக்கூடப் பார்க்கல அண்ணா, நீங்க ஒருத்தர்தான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது உண்மை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் புத்தகத்தை எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். பஞ்சு தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எழுத்துக்கூட்டி ஆறு பக்கத்தையும் படித்தார். பிறகு சிரித்தார், விலா எலும்பு வலித்ததில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"செத்துப்போனப்புறம் ரொம்ப நல்லவனாயிட்டேன் போலிருக்கே அண்ணே."

"இதையெல்லாம் வெட்டி எறியப் போறாங்க பஞ்சு. உங்க பேரே இருக்காது. ஒரு நாய்க்குட்டி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே. அதுவும் ஒரு ஜீவன்தானே. இதை வெட்டிடச் சொல்லுங்கண்ணே, எம் பொண்ணு பார்த்தா பயந்துடும். பேரை வச்சுகிட்டு என்ன பண்றது? எனக்குக் காலு சரியாகணும், அவ்வளவுதான்."

அவ்வளவு தன்னடக்கம் அவருக்கு. தனக்கு எது நல்லது என்று கேட்கத் தெரியாத மனிதர். இப்படிப்பட்டவர்களுக்காக வேறு யாராவதுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கத்திக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நான் வெள்ளிக்கிழமை போனேன். பஞ்சு படியில் இறங்கிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் மனைவிதான் பிடித்துக்கொள்வாள். "நான் பார்த்துக்கறேன்மா, நீ மருந்து வாங்கிட்டு வா," என்றேன். அவள் உடனே திரும்ப முடியாத அளவுக்கு மருந்துக்கடை தூரத்தில்தான் இருந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. இரண்டாம் வீட்டு வாசலில் ஒரு குடை விரித்துக் காயப் போட்டிருந்தது. பஞ்சு ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்தபடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கினார். என்னென்னமோ பேசிக்கொண்டு வந்தார். கால் சரியானதும் விழுகிற வேலையை விட்டுவிட்டு, பையன்களுக்கு விழக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து வேர்வையைத் துடைத்த சமயம், நான் நகர்ந்துகொண்டேன்.

நான் தள்ளவில்லை. நகர்ந்தேன். வாக்குமூலத்தில் அந்தச் சொல்லையே போடுங்கள்.

ஆனால் பஞ்சு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அந்த நிலையிலும் முகவாயை மார்போடு சேர்த்தார், சுருண்டார், உருண்டார், படிக்கட்டுத் திருப்பத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார். ஒரு கீறல்கூட இல்லை. அசந்துபோனேன். தொழில் என்றால் அதுதான் தொழில். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கையை நீட்டினார். என் கால்தான் இடறியிருக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

திருப்பத்துக்குக் கீழே இன்னொரு படிக்கட்டு இருந்தது. சினிமாவில் இதை ரீடேக் என்பார்கள். இரண்டாவது தடவை நகர்ந்தேன் என்று சொல்ல முடியாது. அவர் சுருண்டுகொள்ள நேரம் கொடுக்கவில்லை.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். பஞ்சு படியில் விழுந்து போய்விட்டார் என்றேன். "சரி, அப்ப கத்திக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடறேன்," என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். தெரிந்துகொள்ள விரும்பாத சுபாவம் அவருக்கு.

புத்தகம் வெளியானது. இந்தத் தடவை எழுத்தைப் படித்தார்கள், மேடம். படித்துவிட்டு அழுதார்கள். மேடையில் ஹீரோ தனக்கான இரண்டு வரியைத் தவறில்லாமல் சொன்னார். பஞ்சுவின் பெண் அந்த முழுப்பக்கப் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தை ஊரே பார்க்கும்படி செய்தவன் நான் என்று அவளுக்கு ஒருநாள் புரியும்.

யாரும் படிக்காத பக்கம் ஒன்று உண்டு: தலைப்புக்குப் பின்பக்கம், பொடி எழுத்தில், எந்த அச்சகம், எந்த மாதம் என்று போட்டிருப்பது. உங்கள் வீட்டுக்காரர் தூங்கிய பிறகு நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்கள். பஞ்சு இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அச்சான புத்தகத்தில் பஞ்சு இறந்துபோயிருக்கிறார். அதை நான் கவனிக்கவில்லை. இத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தும் அந்தப் பொடி எழுத்தில் கோட்டை விட்டுவிட்டேன். எனக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் இடம் மட்டும் மாற்ற வேண்டும். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டீர்கள், நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். திருப்பத்தில் உட்கார்ந்து கையை நீட்டி, "அண்ணே, கையக் குடுங்க, பொண்ணு ஸ்கூல்லேந்து வர்ற நேரம்," என்றார். நடந்தது அதுதான். ஆனால் படிக்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, தினமும் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு. அதை அடித்துவிட்டு "ஷாட் ஓகேவா?" என்று போட்டுவிடுங்கள், மேடம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.