வைரஸ் முகத்தோடு தண்ணீர் லாரிக்கு

ராமேஸ்வரத்தில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று இராமநாதபுரத்தில் பஸ் ஏறி, நின்றுகொண்டே போனேன். பக்கத்து இருக்கையில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்த பெண், தன் மதினியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“வைரஸ் வந்த மூஞ்சியோடயே தண்ணி லாரிக்குப் போய் நின்னேன் மதினி. அதான் வினையாப் போச்சு.”

“என்னடி சொல்ற?”

“பழைய திகில் படம் ஒண்ணத் திரும்ப எடுக்குறாக. சின்ன ஊர்ல வைரஸ் பரவுற கதை. வாலிநோக்கத்து உப்பளத்து ஆளுகளத்தான் நோயாளியா நிறுத்துனாக. மூஞ்சியெல்லாம் புண்ணு ஒட்டி விட்டாக.”

“கழுவிட்டுப் போறதுக்கென்ன?”

“உப்புத் தண்ணிக்கு அந்தப் பசை விடல. நல்ல தண்ணி பிடிச்சாந்து கழுவலாம்னு குடத்தோட போனேன். எவனோ போட்டோ எடுத்து அனுப்பிட்டான். அது எம் மகளுக்குப் பாத்திருக்குற மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிருச்சு.”

“சினிமான்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். ‘சினிமாக்காரி எதுக்குக் குடத்தோட நிக்கிறா’ங்குது மாப்பிள்ளையோட அம்மா. நேர்ல வந்து மூஞ்சியக் காட்டு, அப்புறம் ஒம் மகளப் பத்திப் பேசுவோம்னுருச்சு.”

“காட்டிட்டாப் போச்சு. உச்சிப்புளி வந்துருச்சு, எந்திரி.”

“பசை போகணும்னு மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன் மதினி.”

தலைப்பை விலக்கினாள். கன்னங்கள் தோல் உரிந்து சிவந்திருந்தன. தாடையில் கொப்புளங்கள்.

மதினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “எறங்காத. ஆறுனப்புறம் வருவோம்.”

“இன்னிக்குப் போகலைன்னா நோயின்னே முடிவு கட்டிருவாக.”

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திறந்த முகத்தோடு படியை நோக்கி நடந்தாள். வழியில் நின்ற நாங்கள் எல்லோரும் நன்றாகவே ஒதுங்கி இடம் விட்டோம்.