பாவை பொய் சொல்லக் கூடாது

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். நீங்களும் மெதுவாகவே எழுதிக்கொள்ளலாம், மேடம்.

கல்லூரியில் வேதியியல் படித்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உப்பின் பெயர் தெரியும், சொல்ல வராது. கடைசி வருடம் தேர்வாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எழுதியாவது காட்டும்மா" என்றார். எழுதிக் காட்டினேன்.

அப்படிப்பட்டவள் நாடகக் குழுவில் சேர்ந்தேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அங்கே முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. மெல்லிய கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் பாவையை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் தெரியமாட்டோம். எங்களுக்கு அவர்கள் தெரிவார்கள். முதல் நாளே பாவை பேசியது. கடைசி வரிசைவரை கேட்டது என்றார்கள். அது என் குரல்தான் என்று நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.

குழுவை நடத்தியவரைத் தாடி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய முறை எளிமையானது. தெருத்தெருவாகப் போவோம். கால் மணி நேர நாடகம், முடிவு இருக்காது. சிக்கலான இடம் வந்ததும் தாடி முன்னால் வந்து, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். பார்ப்பவர்களில் யாரும் எழுந்து வந்து ஒரு பாவையை மாட்டிக்கொண்டு செய்து காட்டலாம். எதிரில் இருக்கும் பாவை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டே கட்டளைகள். ஆட்டத்தை நிறுத்தும் உரிமை மக்களுக்கு மட்டும்தான், திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு இல்லை. பாவை பொய் சொல்லக் கூடாது.

என் முதல் வேடம் கிருமி. கை கழுவுவது பற்றிய நாடகம். நீளமான வாலை ஆட்டிக்கொண்டு சோப்பைக் கண்டு ஓடுவேன். குழந்தைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் பாதியில் எழுந்து போனார்கள்.

பாவைகளுக்கு உடை தைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. நாடகம் போடும் கூடத்துக்கு எதிர்த்தெருவில் இருந்த தையல்காரி. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வயதில் ஒரு மகள். என் கை வேர்க்கும் என்று கவனித்தது அக்கா மட்டும்தான். "இந்தப் பொம்மை உன் கையில நனைஞ்சே செத்துரும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாவைக்குள்ளும் பருத்தித் துணி வைத்துத் தைத்துத் தந்தாள். நான் கேட்கவில்லை.

அவள் கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. தையல்காரி கையில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் அது முழங்கைக்கு மேலே இருந்தது. ஒரு நாள் மிஷினை நிறுத்தாமலே கணவர் செய்வதை எல்லாம் சொன்னாள். பிறகு அவளே, "இதை வெச்சு ஒரு நாடகம் போடேன். எவளுக்காவது உதவட்டும். நம்ம பக்கம் மட்டும் வேணாம். அவருக்குப் புரிஞ்சுரும்" என்றாள். தலையாட்டினேன். அந்த நாடகத்தில் வரும் மனைவிப் பாவைக்குத் தன் வீட்டு ஜன்னல் திரையில் மிஞ்சியிருந்த நீலத் துணியில் உடை தைத்தாள்.

மூன்று தெருக்களில் போட்டோம். பெண்கள் அழுதார்கள். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. ஒரு தெருவில் ஒரு பாட்டி கணவன் பாவையைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு, "இப்ப எனக்குப் பரவால்ல" என்று போய் உட்கார்ந்தார்.

அதற்குள் அக்கா முடிவு செய்துவிட்டாள். புதன்கிழமை மதிய பஸ். வேறு ஊரில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் பழைய தோழி வீடு. மகளின் இரண்டு சட்டைகள் ஏற்கெனவே அங்கே போய்விட்டன. என்னிடம் மட்டும் சொன்னாள். "உன்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் நாடகம். எதைப் போடலாம் என்று தாடி கேட்டார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. மனைவி நாடகத்தைப் போடலாம் என்றேன். அக்காவிடம் கிருமி நாடகம் என்று சொல்லியிருந்தேன். கிருமியின் வால் கிழிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் தைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

மெக்கானிக் மூன்றாவது வரிசையில் இருந்தார். நீலத் துணி திரைக்கு மேலே வந்ததும் முன்னால் சாய்ந்தார். தாடி கேள்வி கேட்டதும் கையைத் தூக்கினார்.

"நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா, சார்?"

அதுவரை எந்தத் தெருவிலும் ஓர் ஆண் எழுந்து வந்ததில்லை. கூடமே கை தட்டியது. அவர் கணவன் பாவையை மாட்டிக்கொண்டார். நன்றாகவே செய்தார். அதை மண்டியிட வைத்தார். மன்னிப்புக் கேட்க வைத்தார். தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ போ. நான் தடுக்கமாட்டேன்" என்றது அந்தப் பாவை. "எங்க போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. புள்ளை எங்க இருக்கான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

முன்வரிசையில் ஒரு பெண், "சொல்லேன்டி, மனுஷன் இவ்வளவு கெஞ்சறாரே" என்றாள். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். ஆய்வகத்தில் கடைசிச் சொட்டு விழப்போகும்போது குடுவையைப் பார்ப்போமே, அப்படி அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

பாவை சொன்னது. புதன்கிழமை, மதிய பஸ், ரொட்டிக் கடைத் தோழி.

கை தட்டினார்கள். மெக்கானிக் பாவையின் கைகளைக் கூப்பிக் காட்டிவிட்டு, அதைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார்.

பாவை பொய் சொல்லக் கூடாது என்றேன் அல்லவா. நேற்றுவரை எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். தாடியும் அதை நம்பி, தன் விதியால்தான் இப்படி ஆனது என்று அழுதார். ஆனால் இரண்டாவது தெருவிலும் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டிருந்தாள். அன்றைக்குப் பாவை, "அதை மட்டும் கேக்காதீங்கம்மா" என்றது. அதற்கும் கை தட்டினார்கள். ஆக, அந்தப் பதில் என்னிடம் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் கிருமி. அவள் கணவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். சின்னதாக, ஊசியில் நூல் கோக்கும்போது பேச முடியாமல் அசைப்பாளே, அப்படி. நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் சொன்னேன். அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இத்தனை பேர் எனக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்த பிறகு கிருமி கடைசி நாற்காலியில் இருந்தது. வாலை இரட்டை நூலில் தைத்திருந்தாள்.

திங்கள்கிழமை முழுவதும் எனக்கு இருந்தது. எதிர்த்தெருதான், இரண்டு நிமிட நடை. நான் போகவில்லை. அன்றைய நாடகம் பற்றிக் குறிப்பு எழுதினேன். 'ஓர் ஆண் தாமாக முன்வந்து மன்னிப்புக் கேட்டார்' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, குழந்தை பள்ளிக்குப் போன பிறகு நடந்தது உங்களிடம் வேறு கோப்பில் இருக்கிறது.

குழந்தை இப்போது ரொட்டிக் கடையில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நீலப் பொம்மை வேண்டும் என்றது, அம்மா வாசனை வரும் என்று. அதை இங்கே பையில் வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பருத்தித் துணியில் என் வேர்வை வாசனைதான் வருகிறது. அதனால் இன்னும் கொடுக்கவில்லை.

மெக்கானிக் ஒப்புக்கொண்டுவிட்டார், என்மேல் போட ஒரு சட்டப் பிரிவும் இல்லை, வீட்டுக்குப் போம்மா என்று காலையில் சொன்னீர்கள். இருந்தாலும் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். கையில் பாவை இல்லாமலே எனக்குப் பேச வந்தது. தண்டனை வேண்டித்தான் வந்தேன், மேடம், வேறு எதற்கும் இல்லை.

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட்டால், முதலிலிருந்து சொல்கிறேன்.