டில்பிக்கு ஓர் அர்ச்சனை

— கோயில்ல ஐயர் ராசி, நட்சத்திரம் கேட்டாருங்க. ஹோரஸ் டில்பிக்கு என்ன நட்சத்திரம்னு நான் சொல்றது?

— என்னதான் சொன்ன, ரூபினி?

— ‘எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி, சாமி பேருலயே பண்ணிடுங்க’ன்னேன். உடம்புக்கு என்னான்னு கேட்டாரு. செத்து நூறு வருஷமாச்சுன்னு எப்படிங்க சொல்ல முடியும்?

— கம்ப்யூட்டருக்குள்ள உசுரோடதான் இருக்கான் லா! இன்னிக்கு ஃபைனல். மொதப் பந்தே அவன்தான் போடணும்.

— உங்க பேரு தேவன். வெள்ளக்காரப் பேய்க்கு விபூதி வாங்கியாறச் சொல்றீங்க. நம்ம லூனாஸ் ஊர்ல எந்தப் பொண்டாட்டியும் இப்படி ஒரு அர்ச்சனை பண்ணியிருக்க மாட்டா.

— பேய் இல்ல, பிட்சர். பந்து போடறவன். இது கம்ப்யூட்டர் ஆடுற பேஸ்பால், ரூபினி. பழைய ஆட்டக்காரங்கள வாங்கி நாம டீம் கட்டணும். எல்லாருக்கும் ஒரே அளவு பொய் டாலர்தான் குடுப்பாங்க. ஃபைனல்ல என்னை எதிர்த்து ஆடுற எங்க ஃபேக்டரி மெனேஜர் புவனேஸ்வரன் பாதி டாலர ஒரே ஒரு பெரிய பிட்சர்மேல கொட்டிட்டாரு.

— நீங்க?

— அதுல பாதிக்கு மூணு மலிவு ஆளு எடுத்தேன். மொத்தம் ஒம்போது இன்னிங்ஸ். ஆளுக்கு மூணு. கை களைக்கும் முன்ன எறக்கிட்டு அடுத்தவன ஏத்திடுவேன். பெரிய ஆளு கடைசியில சோந்து போவான். என் ஆளுங்க சோரவே மாட்டானுங்க.

— மூணே இன்னிங்ஸ்ல தொரத்துறதா? பாவங்க அந்த டில்பி.

— பாவம் பாத்தா கப் வருமா? இரு இரு... ஏழுக்கு ரெண்டு! ஜெயிச்சாச்சு! டில்பி ஒரு ரன் கூட விடல! அந்த விபூதியக் குடு, கம்ப்யூட்டருக்குப் பூசணும்.

— கீபோர்டுல கொட்டிடாதீங்க. மெனேஜர் கோவப்பட மாட்டாரா?

— அவரா? போன வாரம் சுங்கைப் பட்டாணில மீ கோரெங் வாங்கிக் குடுத்து என் ரகசியத்தக் கேட்டாரு. நானும் பெருமையில எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு வார்த்த விடாம எழுதிக்கிட்டாரு. டீம மாத்துற தேதிதான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு எழுதுறாருன்னு எனக்கே புரியல.

— உங்க போனு அடிக்குது பாருங்க.

— அவருதான்! மெசேஜ் போட்டிருக்காரு. ‘வாழ்த்துகள் தேவன். உங்க யோசனை அருமை. நம்ம ஃபேக்டரியிலயும் அதையே...’

— ஏங்க நிறுத்திட்டீங்க?

— பத்தொம்பது வருஷமா ரப்பர் கிளவுஸ்ல ஓட்டை பாக்குறேன், ரூபினி. பன்னெண்டு மணி நேர ஷிஃப்டு. அடுத்த மாசத்துலேர்ந்து என் எடத்துல மூணு பேராம். ஆளுக்கு நாலு மணி நேரமாம். ‘கண்ணு களைக்கும் முன்ன மாத்திடலாம்’ங்கிறாரு. நான் சொன்ன வார்த்தையேதான் லா!

— ஐயையோ!

— நீ ஏன் விபூதிய எடுத்துப் பூசிக்கிற? அழவாவது செய்யேன்.

— உங்க ஃபேக்டரியில ஆளு எடுக்குறாங்கன்னு நேத்துதான் எழுதிக் குடுத்தேன். சத்தியமா அது உங்க எடம்னு எனக்குத் தெரியாதுங்க. காலையில மொத நாலு மணி நேரம் நான்தான்.