படித்ததாகக் குறிக்கப்பட்டது

“மாமா, ஒரு தடவை படிச்சதை இது ஏன் மறுபடி காட்டவே மாட்டேங்குது?” என்று என் தங்கை மகள் கேட்டாள். பால்பல் விழுகிற வயது அவளுக்கு. அவள் அப்பாவின் பழைய கைபேசியில், அணை அறிவிப்புகளைப் படிக்க நான் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வி. அந்த வீட்டில் யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அது எங்கள் பக்கத்து ரத்தம்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். ‘செய்தியோடையில் ஏற்பட்ட பழுதால் பம்பு இயக்குபவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் செய்தியோடை பழுதாகவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

அணை அலுவலகத்தின் இணையதளம் என் பொறுப்பு. மதகு திறக்கும் நேரத்தை நான் ஒரு பதிவாக எழுதிச் செய்தியோடையில் வெளியிடுவேன். ஆற்றுக்குள் வேலை செய்கிறவர்கள் அதை அவரவர் கைபேசியில், அவரவர் செயலியில் பார்த்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் சங்கு ஊதினார்கள். அது துருப்பிடித்ததும் கழற்றிப் போட்டுவிட்டு என்னை நம்பினார்கள்.

நான் அனுப்புவது விஷயத்தை மட்டும்தான். அது எப்படித் தெரியும் என்பது பார்க்கிறவனின் செயலியைப் பொறுத்தது. நல்ல செயலி நான் தீட்டிய சிவப்பைச் சிவப்பாகவே காட்டும். பழைய பதிவை நான் திருத்தினால் ‘திருத்தப்பட்டது’ என்று போட்டு மேலே கொண்டுவரும். மட்டமான செயலி நிறத்தையெல்லாம் உரித்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால் அதோடு சரி. நான் உள்ளே எதை மாற்றினாலும், முதலில் இறக்கி வைத்துக்கொண்ட வரிகளையே காட்டிக்கொண்டிருக்கும். இது பழுது இல்லை. அதன் புத்தி அவ்வளவுதான்.

உங்கள் அறிக்கையில் வரும் பம்பு இயக்குபவர், என் தங்கை கணவர், அவருடைய கைபேசி அந்த மட்டமான செயலியைத்தான் தாங்கும். ஆளுக்கேற்ற செயலி என்று அன்றே நினைத்தேன். மாப்பிள்ளையை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சிரிப்பதற்குக் காரணம் வேண்டாத மனிதர். தினமும் காலையில் ஆற்றுக்குள் இறங்கி, பம்புக் குழாயின் வாயில் அடைத்துக்கொள்ளும் பாசியைக் கையால் வழித்தெடுப்பார். ஊரே குடிக்கிற தண்ணீர் என்று அதைச் சொல்லும்போது, ஊருக்கே பெண் கொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். என் தங்கை படித்தவள். அவளுக்கு வேறு இடம் பார்த்திருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் நான் ‘காலை’ என்பதற்கு ‘மாலை’ என்று பதிவிட்டுவிட்டேன். ஆற்றில் துணி வெளுப்பவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை தண்ணீர் கலங்குவதைப் பார்த்துவிட்டு, கத்திக்கொண்டே கரையெல்லாம் ஓடி எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார். பொறியாளர் அம்மா வந்து கேட்டபோது, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“மச்சான்தாம்மா போன்ல சொன்னாரு. தப்பா வந்திருக்கு, எல்லாரையும் ஏத்திவிடுன்னு. இல்லாட்டி எனக்கென்ன தெரியும்?” என்றார்.

நான் அழைக்கவே இல்லை. பொறியாளர் அம்மா என்னைப் பாராட்டினார்.

பிறகு தனியாக இருந்தபோது, “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“விடுங்க மச்சான். கை தவறாத மனுஷன் யாரு?” என்று சொல்லிவிட்டு, என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். தட்டிய இடத்தில் கிரீஸ் படிந்தது.

அவர் அதைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். குடித்திருந்தால் உளறியிருப்பார், குடிப்பதும் இல்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால், “உங்க அண்ணன் தட்டைப் பாரும்மா, காலியா இருக்கு,” என்பார். மழை பெய்தால் என் செருப்பை எடுத்து உள்ளே வைப்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் அதைக் குத்திக் காட்டியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். பாசி வழிக்கிற கை என்னை மன்னித்துவிட்டு அதை மறந்தும் போவது எந்த நியாயத்தில் சேரும், ஐயா?

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, என் தட்டில் வைத்தார். தங்கை மகள், “அப்பா, எனக்கு மட்டும் நாரோட கொடுக்கிறீங்க,” என்றாள்.

“உனக்கு பல்லு முளைக்குது, மென்னு தின்னு. மாமா ஊருக்கே நேரம் சொல்றவரு. அவரு இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை?” என்றார்.

நான் அந்தச் சுளைகளைச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தன.

அந்த வாரம் மதகு ஒருநாள் மாலையில் திறப்பதாக இருந்தது. முந்தின நாளே பதிவு போட்டிருந்தேன், மாப்பிள்ளை படித்துவிட்டார். மறுநாள் காலை பொறியாளர் அம்மா என் மேசைக்கு வந்தார்.

“மேல மழை நிக்கல. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. இன்னும் ஒரு மணி நேரத்துல திறந்தாகணும். மாத்திப் போட்டுடுறீங்களா?”

“போட்டுடுறேன், மேடம்.”

அதுவரை நேரம் மாறும்போதெல்லாம் நான் பழையதைத் தொடாமல், வேறு அடையாள எண்ணோடு புதுப் பதிவாகவே போட்டுவந்தேன். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சிறுமி அன்று கேட்ட கேள்வி மனதில் இருந்ததால் செய்தேன். மாப்பிள்ளையின் செயலி புதுசு என்று நினைத்துச் சிணுங்கும், அவர் பார்ப்பார். ஆனால் அலுவலக விதி அப்படிச் சொல்லவில்லை. ஓர் அறிவிப்புக்கு ஒரு பதிவு, திருத்தம் அதற்குள்ளேயே என்பதுதான் விதி. அன்று நான் விதியைப் பின்பற்றினேன். பழைய பதிவைத் திறந்து நேரத்தை மாற்றினேன். பெரிய எழுத்தில், நல்ல சிவப்பில். அவ்வளவு அழகாக வேறெந்த அறிவிப்பையும் நான் செய்ததில்லை.

சோதித்துப் பார்ப்பதற்காக அந்த மட்டமான செயலியை என் கைபேசியிலும் வைத்திருக்கிறேன். திறந்து பார்த்தேன். ‘மாலை’ என்றே இருந்தது. மங்கிய எழுத்தில், படித்ததாக.

பொறியாளர் அம்மா வாசலில் நின்றபடி, “எல்லாருக்கும் போயிடுச்சா?” என்றார்.

“போயிடுச்சு, மேடம்.”

அது பொய் இல்லை. எல்லோருக்கும் போனது. வெளுப்பவர்கள் சிவப்பைப் பார்த்து மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலேறினார்கள். பம்பு இருந்த இடம் ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்காது. மாப்பிள்ளை கைபேசியைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கும் நேரம் அது என்பது எனக்குத் தெரியும். ஒரு அழைப்பு போதுமே என்று நினைப்பீர்கள். அழைப்பது என் வேலையில் இல்லை. நான் டம்ளரைக் கழுவி, தேநீர் ஊற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியே மதகின் இரைச்சல் கேட்டது.

கைபேசி நனையவே இல்லை. தங்கை இன்றும் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறாள். அதில் அவர் சிரிக்கிற சத்தம் எங்கோ பதிவாகியிருக்கிறதாம். பிள்ளை கேட்கும்போது போட்டுக் காட்டுகிறாள்.

இன்னும் ஒன்றே ஒன்று. இது உங்கள் அறிக்கையில் வர வேண்டியதில்லை, யாரும் பார்க்காதது. போன வாரம் தங்கையும் பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து அந்த அறிவிப்பை, சரியான நேரத்தோடு, புது அடையாள எண் கொடுத்து மறுபடி வெளியிட்டேன். ஆற்றோரத்தில் எல்லோருக்கும்தான் போயிருக்கும். ஏன் பழைய தேதி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படிக்கிறவர்களின் லட்சணம் அது. பிறகு என்னிடம் இருந்த சாவியால் தங்கை வீட்டைத் திறந்து, அந்தக் கைபேசிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

செயலி தன் நேரத்துக்குத்தான் போய்ப் பார்க்கும். காத்திருந்தேன். கடைசியில் சிணுங்கியது. தடித்த எழுத்தில், புதிதாக, முதல் வரியில் வந்து நின்றது. அவருக்காக நானே விரலால் தொட்டுத் திறந்தேன். எழுத்து மங்கியது.

எனக்காக அவர் ஒன்று செய்தார், யாருக்கும் தெரியாமல். அவருக்கும் நான் செய்துவிட்டேன். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஐயா. படித்தும் ஆகிவிட்டது.